சர்வருக்குள் எஸ்எஸ்டியா, நெட்வொர்க்கில் நாஸ் பெட்டியா? வாசகர் கேள்வி – பதில்

சிறு, நடுத்தர நிறுவனங்களின் சர்வர் சேமிப்பைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் ஃப்ளாஷ் சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க். நாஸ் என்பது டிஸ்க்குகளைப் போட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் தனிப் பெட்டி. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை. தொழில் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் மென்பொருள் சின்னச் சின்னத் துண்டுகளாக அடிக்கடி எழுதுகிறதா, பெரிய கோப்புகளை எப்போதாவது எழுதுகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்கினால் பணம்தான் வீண்.

கேள்வி: எங்கள் ஜவுளி மொத்த விற்பனைக் கடையில் 18 பேர் ஒரே நேரத்தில் பில் போடுகிறோம். எஸ்கியூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸில் ஓடும் பில்லிங் மென்பொருள், கூடவே டேலி. சர்வரில் இரண்டு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், ரெய்டு 1. மாலையில் கூட்டம் ஏறினால் ஒரு பில் சேவ் ஆக ஏழெட்டு விநாடி ஆகிறது. ஒருவர் நாலு டிஸ்க் நாஸ் வாங்கி ரெய்டு 5 போடச் சொல்கிறார். இன்னொருவர் சர்வருக்குள்ளேயே எஸ்எஸ்டி போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

7200 ஆர்பிஎம் டிஸ்க், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுவது, ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் டிஸ்க்கின் எழுதும் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். தலை நகர இன்னொரு 8 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் இடங்களில் எழுத வேண்டுமென்றால் ஒரு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 80 தடவைதான் எழுதும். ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க்கிலும் அதையே எழுத வேண்டும் என்பதால் எழுதும் வேகம் கூடாது.

இப்போது நாலு டிஸ்க் ரெய்டு 5-ஐப் பாருங்கள். அதில் ஒரு சின்ன எழுத்துக்கு (ஒரு தடவை எழுதுவதற்கு) நாலு வேலை: பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியை (டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கணக்கை) படி, புதிய தரவை எழுது, புதிய பேரிட்டியை எழுது. நாலு டிஸ்க்கும் சேர்ந்து 320 வேலை செய்தாலும் நாலால் வகுத்தால் மிஞ்சுவது விநாடிக்கு 80 எழுத்து. இப்போது உள்ளே இருப்பதும் அதுதான்! அதற்கு மேல் ஒவ்வொரு எழுத்தும் கேபிள் வழியே போய்த் திரும்ப வேண்டும். நாஸின் மெமரி கேஷ் (தரவைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் இடம்) இதைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் பில்லை சேவ் செய்யும்போது எஸ்கியூஎல் சர்வர் என்ன மாறியது என்பதைக் குறிக்கும், சில கிலோபைட் அளவுள்ள ஒரு லாக் பதிவை அனுப்பி, "டிஸ்க்கில் ஏறிவிட்டது" என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் உங்கள் ஏழு விநாடிக்குள் ஒளிந்திருக்கிறது. செங்கல்லை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றுபவருக்குக் கூடை எவ்வளவு பெரியது என்பதால் ஒரு லாபமும் இல்லை. படி ஏறி இறங்கும் நேரம்தான் கணக்கு. விநாடிக்கு எத்தனை மெகாபைட் என்ற எண் கூடையின் அளவு மட்டுமே.

வாங்குவதற்கு முன் ஒரு அளவு எடுத்துவிடுங்கள். விண்டோஸ் பர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பிசிக்கல் டிஸ்க் பிரிவுக்குப் போய், ஒரு எழுத்துக்கு ஆகும் சராசரி விநாடியைக் காட்டும் கவுண்டரைச் சேர்த்து, மாலைக் கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். 0.005-க்குக் கீழே இருந்தால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. 0.020-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க்தான் மூச்சுவாங்குகிறது.

கோளாறு வேறு எங்கோ என்றால் முதலில் பார்க்க வேண்டியது, உங்களிடம் இருப்பது எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பா என்பதை. 2016 முதல் 2022 வரையிலான எக்ஸ்பிரஸ் பதிப்புகள் டேட்டாபேஸ் பக்கங்களை வைத்துக்கொள்ள 1,410 எம்பி மெமரியை மட்டுமே பயன்படுத்தும். சர்வரில் 64 ஜிபி போட்டாலும் அதே அளவுதான். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரவும் முடியாது. மெமரியில் இடமில்லாமல் திரும்பத் திரும்ப டிஸ்க்கைப் படிப்பதால் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எஸ்டி இன்னும் அதிகமாக உதவும்.

வாங்க வேண்டியது: 960 ஜிபி சர்வர் ரக சாட்டா எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1-ஆக. சாட்டா என்பது வழக்கமான டிஸ்க் இணைப்பு; சர்வரில் அதற்கான ஸ்லாட் இருந்தால் அதைவிட வேகமான என்விஎம்இ இன்னும் நல்லது. ஆனால் 18 பேர் பில் போடும் வேலைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழைய டிஸ்க்குகளைக் கழற்ற வேண்டாம். டேட்டாபேஸ் கோப்பையும் லாக் கோப்பையும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, இரவு பேக்கப் விழும் இடமாகப் பழைய டிஸ்க்குகளை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முந்தின நாள் முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பி டிஸ்க்கில் கை வைக்கவே கூடாது.

டேலி சங்கதி கொஞ்சம் வேறு. பயனர்களின் கணினியில் ஓடும் டேலி, பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை நெட்வொர்க் வழியே தானே திறந்து எழுதுகிறது. வைஃபை வழியாக யாராவது வேலை செய்து நடுவில் இணைப்பு அறுந்தால் தரவு கெடுவது இதனால்தான். எஸ்எஸ்டிக்கு மாற்றினால் வேகம் கூடும். ஆனால் டேலி பயன்படுத்தும் எல்லோரையும் கேபிளுக்குக் கொண்டுவருவது அதைவிட முக்கியம்.

கேள்வி: கடையில் கிடைக்கும் சாதாரண 1 டிபி எஸ்எஸ்டிக்கும் சர்வர் ரகத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உள்ளே இருப்பது அதே சிப்தானே? சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– கணினி சேவை மையம், கோயம்புத்தூர்

பதில்: தேய்மானத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் மிகை. சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 600 டிபி எழுத்து அல்லது 5 ஆண்டு. ஒரு நாளைக்கு 100 ஜிபி எழுதினாலும் 600 டிபி தீர 6,000 நாள், அதாவது 16 ஆண்டு ஆகும். டேட்டாபேஸின் சின்ன எழுத்துகளை டிஸ்க் உள்ளே பெரிய தொகுதிகளாக மாற்றி எழுதுவதால் உண்மையான தேய்மானம் கூடும். அதற்காகக் கணக்கை மூன்றில் ஒன்றாகக் குறைத்தாலும் உத்தரவாதக் காலத்தைத் தாண்டிவிடும். ஒரு நாளைக்கு ஒரு முழு எழுத்து என்று குறித்திருக்கும் 960 ஜிபி சர்வர் டிஸ்க்குக்கு 5 ஆண்டில் 1,752 டிபி வரை தாங்கும் என்று பொருள். உங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு அவ்வளவு தேவைப்படாது.

விலை வித்தியாசத்துக்கான காரணம் வேறு. சர்வர் ரக எஸ்எஸ்டியைத் திறந்தால் பலகையின் ஓரத்தில் வரிசையாக சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் திடீரென்று போனால், டிஸ்க்கின் மெமரியில் இன்னும் எழுதப்படாமல் இருப்பதை ஃப்ளாஷ் சிப்பில் எழுதி முடிக்க அவற்றில் சேமித்திருக்கும் மின்சாரம் போதும். அந்த உறுதி இருப்பதால், மெமரிக்கு வந்தவுடனேயே "எழுதிவிட்டேன்" என்று டேட்டாபேஸுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல டிஸ்க்கால் முடிகிறது. சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ் சிப் வரை போய் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். சோதனை மென்பொருளில் ஒன்றையொன்று ஒட்டி வேகம் காட்டும் இரண்டு டிஸ்க்குகள், டேட்டாபேஸ் லாக் எழுதும்போது பல மடங்கு விலகிப்போவது இதனால்தான்.

இன்னொன்று, நெடுநேர எழுத்து. சாதாரண எஸ்எஸ்டி தன் இடத்தில் ஒரு பகுதியை வேகமான கேஷாக வைத்துக்கொள்கிறது. அது நிறைந்ததும் வேகம் சரியும். ஒரு செல்லில் நாலு பிட்டை அடைக்கும் கியூஎல்சி ரகமான சாம்சங் 870 கியூவோ 1 டிபியில் கேஷ் தீர்ந்த பிறகு எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பி. ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு! பெரிய ரீஸ்டோர் ஒன்றைப் பாதியில் நின்றுபோன மாதிரி ஆக்குவது இதுதான். கியூஎல்சி டிஸ்க்கைச் சர்வரில் போட வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. கோப்புகளை மட்டும் வைத்திருக்கும் சர்வருக்கு நல்ல டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) ரகச் சாதாரண எஸ்எஸ்டி இரண்டு, யூபிஎஸ்ஸோடு, போதும். டேட்டாபேஸ் என்று வந்துவிட்டால் கெப்பாசிட்டர் உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் நாஸில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் 2 கிகாபிட் கிடைக்கும் என்றார்கள். காப்பி செய்தால் 110 எம்பிக்கு மேல் ஏறவில்லையே?
– பின்னலாடை நிறுவனம், திருப்பூர்

பதில்: ஏறாது. போர்ட்களைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு கணினிக்கும் நாஸுக்கும் இடையிலான ஒரு இணைப்பு ஒரு கேபிள் வழியாகத்தான் போகும். 1 கிகாபிட்டில் நடைமுறையில் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 110 எம்பி. பத்துப் பேர் ஒரே நேரத்தில் எடுக்கும்போது இரண்டு கேபிளும் பயன்படும். ஒரே ஒரு சர்வருக்கு வேகம் வேண்டுமென்றால் 10 கிகாபிட் கார்டு ஒன்று சர்வருக்கு, ஒன்று நாஸுக்கு. இரண்டும் ஒரே ரேக்கில் இருந்தால் ஸ்விட்ச் வாங்காமல் நேரடியாகவே இணைக்கலாம். தூரம் போக வேண்டியிருந்தால், கேட்6 கேபிள் 10 கிகாபிட்டை 55 மீட்டர் வரைதான் தாங்கும். 100 மீட்டருக்கு கேட்6ஏ வேண்டும்.

கேள்வி: நாங்கள் நடத்துவது ஸ்கேன் மையம். ஒரு நாளைக்கு 40 சிடி ஸ்கேன் வரை வருகிறது. படங்கள் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் வைக்கச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகுமா?
– மதுரை

பதில்: எல்லாவற்றையும் வைக்கத் தேவையில்லை. சிடி படத்தின் ஒரு துண்டு 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். அதாவது அரை எம்பி. ஒரு ஸ்கேனுக்கு 500 துண்டு என்றால் 250 எம்பி. 40 ஸ்கேனுக்கு ஒரு நாளில் 10 ஜிபி. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 3 டிபி. ஐந்து ஆண்டுக்கு 15 டிபி.

மருத்துவர் திறந்து பார்ப்பது பெரும்பாலும் கடந்த சில வாரங்களின் படங்கள்தான். பழைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது மட்டும் பின்னால் போவார். ஆகவே, நோயாளிப் பட்டியலைத் தாங்கும் டேட்டாபேஸையும் கடைசி மூன்று மாதப் படங்களையும் சர்வருக்குள் 2 டிபி எஸ்எஸ்டி ஜோடியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு 1 டிபிக்கும் கீழேதான் வரும். மற்றவை ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸுக்கு. ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டும் உங்கள் பாக்ஸ் மென்பொருளில் தேதி வாரியாகப் படங்களை இடம் மாற்றும் வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் கையால் மட்டும் நகர்த்தாதீர்கள். படம் இருக்கும் பாதை டேட்டாபேஸில் பதிவாகியிருப்பதால், பெயர் பட்டியலில் இருக்கும், படம் திறக்காது.

நாஸில் 8 டிபி டிஸ்க் நாலு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6. பயன்படுத்தக் கிடைப்பது 16 டிபி. ரெய்டு 5 போட்டால் 24 டிபி கிடைக்குமே என்று கேட்பீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் புதியதில் 8 டிபியையும் திரும்ப எழுத, விநாடிக்கு 200 எம்பி என்ற நல்ல வேகத்திலேயே 11 மணி நேரம் ஆகும். வேலை நேரத்தில் படங்களையும் திறந்துகொண்டிருந்தால் அது நாள்கணக்கில் இழுக்கும். அந்த நேரம் முழுவதும் மீதி டிஸ்க்குகள் முழு வேகத்தில் உழைக்கின்றன. ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதான டிஸ்க்குகள். இரண்டாவது ஒன்று அப்போது போனால் ரெய்டு 5-இல் எல்லாம் போயிற்று.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் என்று குறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள். அதில் தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்ற அடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும் என்பதால், ரெய்டைச் சரிசெய்யும்போது அது திணறி, செத்த டிஸ்க் என்று நாஸால் ஒதுக்கப்படலாம். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸுக்கான ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளியாகிப் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு ரெட் பிளஸ் என்ற பெயரில் சிஎம்ஆர் டிஸ்க்குகளைப் பிரித்தார்கள்.

கேள்வி: இரண்டு சர்வர், அவற்றுக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் ஐந்து வெர்ச்சுவல் மெஷின். ஒரு சர்வர் போனால் இன்னொன்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாஸ் ஒன்றை வாங்கி ஐஸ்கசி (நெட்வொர்க் வழியே டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) வழியே இரண்டுக்கும் கொடுத்தால் போதும் என்கிறார் விற்பவர்.
– பொறியியல் தொழிற்சாலை, அம்பத்தூர்

பதில்: நெட்வொர்க் சேமிப்புக்கு நியாயமான காரணம் இதுதான்: ஒரே தரவு ஒன்றுக்கு மேற்பட்ட சர்வருக்கு வேண்டும். ஆனால் அவர் சொல்லும் அமைப்பில் இரண்டு சர்வரும் ஒரே பெட்டியை நம்பி நிற்கின்றன. அந்தப் பெட்டியின் மதர்போர்டு போனால் ஐந்து மெஷினும் ஒன்றாகப் படுக்கும். உண்மையிலேயே நிற்கக்கூடாது என்றால் இரண்டு கண்ட்ரோலர், இரண்டு பவர் சப்ளை உள்ள சேமிப்புக் கருவியும் இரண்டு ஸ்விட்ச்சும் வேண்டும். விலை எங்கோ போய்விடும்.

பதினைந்து நிமிட வேலை போனால் பரவாயில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. இரண்டு சர்வரிலும் எஸ்எஸ்டி போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவ்வப்போது நகலெடுக்கலாம். வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையோடு இந்த வசதி இருக்கிறது. தானாக அமைவது 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியிலும் ரெப்ளிகா என்ற நகலெடுக்கும் வசதி உண்டு. உங்களைப் போன்ற அளவுள்ள தொழிற்சாலைக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

ஐஸ்கசிதான் என்று முடிவானால் அதற்கென்று தனி ஸ்விட்ச் அல்லது தனி விலேன் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) கொடுங்கள். அலுவலகப் பிரிண்டரும் கேமராவும் ஓடும் பாதையில் அதை விடாதீர்கள். ஜம்போ ஃப்ரேம் (ஒரே தடவையில் அனுப்பும் பெரிய தரவுப் பொட்டலம்) 9000 என்று வைத்தால் சர்வர், ஸ்விட்ச், நாஸ் மூன்றிலும் வைக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் சின்ன வேலைகள் நன்றாக ஓடும், பெரிய காப்பி தொங்கும். காரணம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 8972 பைட் அளவில், துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் பாதை சரி.

கேள்வி: நாஸில் உள்ள ஒரே ஐஸ்கசி டிஸ்க்கை இரண்டு விண்டோஸ் சர்வரிலும் இணைத்தேன். ஒன்றில் போட்ட கோப்பு இன்னொன்றில் தெரியவில்லை. இப்போது சில கோப்புகள் திறக்கவே இல்லை.
– காரைக்குடி

பதில்: உடனே ஒரு சர்வரில் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஐஸ்கசி வழியே வருவதை விண்டோஸ் தன் சொந்த டிஸ்க் என்றே நினைக்கிறது. எது காலி இடம் என்ற பட்டியலைத் தன் மெமரியில் வைத்துக்கொண்டு எழுதுகிறது. இன்னொரு சர்வரும் அதையே செய்வதால் ஒன்று எழுதியதன் மேல் மற்றொன்று எழுதிவிடும். திறக்காத கோப்புகளைப் பேக்கப்பிலிருந்து எடுப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு சர்வருக்கும் ஒரே ஃபோல்டர் வேண்டுமென்றால் நாஸில் சாதாரணப் பகிர்வு ஃபோல்டராகக் கொடுங்கள். ஒரே டிஸ்க்காகத்தான் வேண்டும் என்றால் இரண்டு சர்வரும் ஒன்றோடொன்று பேசி டிஸ்க்கைப் பயன்படுத்தும் விண்டோஸ் கிளஸ்டர் அமைக்க வேண்டும்.

கேள்வி: மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்துவிடுகிறது, ஆனால் டேட்டாபேஸ் எழுவதில்லை. டேட்டாபேஸ் நாஸில் இருக்கிறது. தினமும் கையால் ரீஸ்டார்ட் செய்கிறோம்.
– அச்சகம், சிவகாசி

பதில்: நாஸ் முழுதாக எழ சில நிமிடம் ஆகும். சர்வர் முந்திக்கொண்டு எழுந்து, டிஸ்க்கைத் தேடிக் காணாமல் டேட்டாபேஸைக் கைவிட்டுவிடுகிறது. சர்வரின் பயாஸில் மின்சாரம் திரும்பியதும் எழுவதற்குத் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் ஐந்து நிமிடம் வையுங்கள். இல்லையென்றால் டேட்டாபேஸ் சர்வீஸைத் தாமதமாகத் தொடங்கும் வகைக்கு மாற்றி, ஐஸ்கசி சர்வீஸ் எழுந்த பிறகே தொடங்கும்படி சார்பு கொடுங்கள்.

இதைவிட ஆபத்தானது கரண்ட் போகும் நேரம். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை நாஸில் சொருகி, நாஸ் வழியாக சர்வருக்கும் செய்தி போகும்படி அமையுங்கள். பெரும்பாலான நாஸ்களில் இந்த வசதி உண்டு. சர்வர் முதலில் அணைய வேண்டும், நாஸ் கடைசியில். நடுவில் இருக்கும் ஸ்விட்ச்சும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சர்வருக்கும் நாஸுக்கும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு ஸ்விட்ச்சைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள். கரண்ட் போன நொடியில், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கையிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கின கதையாகிவிடும்.

கேள்வி: கிடங்கில் 16 கேமரா. சர்வரில் இருக்கும் எஸ்எஸ்டியிலேயே பதிவு செய்யலாமா?
– தூத்துக்குடி

பதில்: வேண்டாம். விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒன்று ஒரு நாளைக்கு 43 ஜிபி எழுதும். 16 கேமராவுக்கு 690 ஜிபி; 30 நாள் வைத்திருக்க 20 டிபிக்கு மேல் வேண்டும். இது நிற்காமல் வரிசையாக எழுதும் வேலை, ஹார்ட் டிஸ்க் நன்றாகச் செய்யும். தனி என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) வையுங்கள்.

கேள்வி: நாஸில் ரெய்டு 6 இருக்கிறது. தனியாக பேக்கப் எதற்கு?
– சேலம்

பதில்: டிஸ்க் சாவதிலிருந்து மட்டுமே ரெய்டு காப்பாற்றும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் மென்பொருள்கள் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ்களைக் குறிவைத்துக் கோப்புகளைப் பூட்டின. ரெய்டு நன்றாகத்தான் இருந்தது. பூட்டிய கோப்புகளை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக எழுதி வைத்தது. ரவுட்டரில் நாஸுக்கென்று போர்ட் திறந்திருந்தால் மூடுங்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் வழியே வாருங்கள்.

டிஸ்க் சாவதிலும் ரெய்டின் கணக்கு தப்பலாம். 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகளைப் பற்றி எச்சரித்தது. ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பிழையால் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், அவை செத்துவிடும், தரவும் போய்விடும். ஒரே நாளில் இயக்கிய டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போகும்போது ரெய்டு 6 என்ன செய்ய முடியும்? ஆண்டுக்கு இரண்டு தடவையாவது ஃபர்ம்வேர் அறிவிப்பைப் பாருங்கள், பேக்கப் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். பேக்கப்பில் ஒரு நகலாவது வேறு கட்டடத்தில், நெட்வொர்க்கில் இணைக்காமல் இருக்கட்டும்.

கேள்வி: அப்படிக் கழற்றி வைக்கும் நகலுக்குப் பழைய சர்வர் எஸ்எஸ்டிகளையே பயன்படுத்தலாமா? பீரோவில் பத்திரமாக இருக்கும்.
– தணிக்கையாளர் அலுவலகம், திருநெல்வேலி

பதில்: அதற்கு மட்டும் வேண்டாம். எஸ்எஸ்டியில் தரவு மின்னூட்டமாக இருக்கிறது, அது மெதுவாகக் கசியும். சர்வர் ரக எஸ்எஸ்டிக்கு, சிப் துறைக்கான ஜெடெக் அமைப்பின் தரநிலை கேட்பது, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகு மின்சாரமில்லாமல் 40 டிகிரியில் 3 மாதம் தரவு தாங்க வேண்டும் என்பதே. சாதாரண ரகத்துக்கு 30 டிகிரியில் ஓராண்டு. புதிய டிஸ்க் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் நீங்கள் வைக்கப்போவது தேய்ந்த டிஸ்க், அதுவும் உங்கள் ஊர் கோடையில். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில். பழைய எஸ்எஸ்டிகளில் தேய்மான அளவு 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை அலுவலகக் கணினிகளில் போட்டுவிடலாம். அதற்கு முன் வாடிக்கையாளர் கணக்குகள் எதுவும் மிஞ்சாமல், தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள செக்யூர் இரேஸ் கொடுத்து அழித்துவிடுங்கள். வெறும் ஃபார்மட் போதாது.